நாவலில் வந்த குமாஸ்தா

2024, நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். தூறல். நன்றாகப் பெய்து தொலைக்கவும் இல்லை, விடவும் இல்லை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் இறங்கி, சைக்கிள் கடைக்கு மேலிருக்கும் மாடி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் மூக்குக்கண்ணாடியை மூன்று முறை துடைத்துவிட்டேன். என்னோடு பொன்னேரியிலிருந்து வந்த கிரேன்காரர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, "மெதுவா வா நைனா, கத ஓடிப்போயிடாது" என்றார்.

நாங்கள் ஒன்பது பேர். எல்லோரும் ஒரே இரும்பு உருட்டாலையில் கிரேன், ஃபர்னஸ் உலை, டைம் ஆபீஸ் என்று வேலை பார்த்தவர்கள். ஆலை மூடி வெகுகாலம் ஆகிறது. அந்தக் கொட்டகையில் இப்போது பிளாஸ்டிக் மூட்டைகள் கிடக்கின்றன. மாதம் ஒரு ஞாயிறு கூடி, ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசுவோம். ஒரே பிரதிதான் வாங்குவது. அது கைமாறி எல்லோரிடமும் போய்வரும். அந்தக் காலத்தில் ஆலை வாசலில் சங்கம் நடத்திய கேட் மீட்டிங் விதிகளைத்தான் இங்கேயும் வைத்திருந்தோம். புத்தகம் வாங்கியவர் முதலில் பேச வேண்டும். ஆளுக்கு ஒரு முறை. எல்லோரும் பேசி முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை வாய் திறக்கக்கூடாது. மீறினால், தலைமை வகிப்பவர் சாவியால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டுவார்.

அந்த மாதப் புத்தகம் ஓர் அரசியல் உளவு நாவல். வாங்கியவன் நான். நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். டில்லியில் ஒரு மந்திரியின் அலுவலகத்திலிருந்து ரகசியக் கோப்புகள் வெளிநாட்டுக்குப் போகின்றன. உளவுத்துறை அதிகாரி ஒருவர் யார் யாரையோ துரத்துகிறார். கடைசியில் பார்த்தால், கோப்புப் பிரிவில் குண்டூசியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த வயதான குமாஸ்தாதான் ஒற்றன்.

விதிப்படி முதலில் நான் பேசினேன். பிழைகளைக் குறித்து வைத்திருந்தேன். ஆறு தோட்டா கொள்ளும் துப்பாக்கி ஒரே அத்தியாயத்தில் ஒன்பது முறை சுடுகிறது. செவ்வாய்க்கிழமை செத்தவர் வெள்ளிக்கிழமை போனில் பேசுகிறார். இப்படி பதினான்கு இடங்கள். பதினான்கையும் சொன்னேன்.

அடுத்தது எளாவூர்க்காரர். ஆலை போன பிறகு நெடுஞ்சாலையோரம் டீக்கடை வைத்தவர். அன்றைக்கு டம்ளரும் அவர் கையில்தான் இருந்தது.

"டைமாபீஸு தோட்டா எண்ணிகினு கீறாரு, கதைய எப்போ படிச்சாரோ தெரில" என்று ஆரம்பித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆலையில் யார் எப்போது வந்தார், போனார் என்று பதிவு செய்யும் டைம் ஆபீஸ் குமாஸ்தா நான். அதுவே என் பெயராகிவிட்டது. "என் டவுட்டு இன்னான்னா, வெங்காய லாரில துப்பாக்கிய ஒளிச்சி வெச்சி அர அவர்ல பார்டர தாண்றான் வில்லன். நம்ம செக்போஸ்டு கியூவுல நின்னு பாத்துகிறானா இந்த ரைட்டரு? வெங்காயம் அழுகிப்போயிருக்கும்யா. துப்பாக்கியும் துரு புட்சிருக்கும்."

பழவேற்காட்டுக்காரர் மீன்பிடிக் குடும்பம். ஆலைக்கு வந்த பிறகும் உடம்பில் உப்பு வாடை போகாத ஆள். அவருக்குப் படகுக் காட்சி பிடிக்கவில்லை. "ஏரில போட்டு அம்பது ஸ்பீடுல பறக்குதாம். எங்க ஏரின்னா ஹீரோ எறங்கி தள்ளிகினுதான் போணும். முட்டி அளவு தண்ணி. பின்னாலியே வில்லனும் தள்ளிகினு வருவான். ரெண்டு பேரும் பேசிகினே போலாம்."

சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. அந்த அறையில் நான் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

அடுத்து ஃபர்னஸ்காரர் எழுந்தார். அவர் பேசுவதற்கு எழுந்து நிற்கிறவர் இல்லை, முழங்கால் ஆகாது. அன்றைக்கு நின்றார்.

"எனக்கு அந்த குமாஸ்தாவதான் ரொம்ப புட்சிது" என்றார். "கத்தி எடுக்கல, கபடா எடுக்கல. எண்ணிகினே கீறான். எவன் வந்தான், எவன் வர்ல, எவன் எவன்கூட டீ குட்ச்சான். எண்ணி எண்ணி சொல்லிட்டான். படிக்க சொல்லோ, இவன எங்கியோ பாத்துகிறமேன்னு தோணிகினே இருந்துச்சி. கேட்டுக்கு உள்ளதான் பாத்துகிறோம்."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோர் கண்ணும் என் பக்கம் திரும்பின. ஒருவர் மட்டும் ஜன்னலைப் பார்த்தார், அவர்தான் கிரேன்காரர்.

படிக்கிறவர்களுக்குப் புரிய வேண்டுமானால் இதைச் சொல்ல வேண்டும். இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன் அந்த ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தது. பத்தொன்பது நாள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார்கள். இருபதாம் நாள் காலை கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டப்பட்டது. முப்பத்தொரு பேருக்கு வேலை போயிற்று. முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள், கோஷம் போட்டவர்கள், சமையலுக்கு அரிசி கொண்டுவந்தவர்கள் என்று பொறுக்கி எடுத்ததுபோல முப்பத்தொரு பேர். கிரேன்காரரும் அதில் ஒருவர். அதற்குப் பிறகு பதினான்கு ஆண்டுகள் ஏ.டி.எம். வாசலில் காவலுக்கு உட்கார்ந்துதான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். நம்மில் எவனோ காட்டிக்கொடுத்தான் என்ற பேச்சு அன்றிலிருந்து ஓயவில்லை. டைம் ஆபீஸ் ஊழியர்கள் சங்கத்தில் கிடையாது. அந்தப் பத்தொன்பது நாளும் நான் பக்கவாசல் வழியாக உள்ளே போய் உட்கார்ந்தவன்.

நான் எழுந்தேன். எளாவூர்க்காரர் டம்ளரைத் தட்டினார்.

"உன் டர்னு முட்ஞ்சிச்சி டைமாபீஸு. எல்லாரும் பேசட்டும்."

"என்னப் பத்தி பேசியிருக்காரு. பதில் சொல்ல வேணாமா?"

"பொஸ்தகத்த பத்திதான பேசனாரு? ஒக்காருய்யா."

உட்கார்ந்தேன். விதி என்றால் விதிதான். அதை எழுதிக்கொடுத்தவனே நான்தான். இன்னும் நான்கு பேர் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று ஒரு சொல்லும் காதில் விழவில்லை. கடைசி முறை கிரேன்காரருடையது. "பொஸ்தகம் நல்லாகீது" என்றார். அவ்வளவுதான். அதற்குள் ஆறு மணி ரயிலுக்கு நேரமாகிவிட, ஆளாளுக்குக் குடையை எடுத்தார்கள். இரண்டாம் சுற்று நடக்கவே இல்லை.

ரயிலில் கிரேன்காரர் என் பக்கத்தில் உட்காரவில்லை. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து இடம் போட்டிருந்தேன். அவர் கதவருகே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கவரைப்பேட்டை தாண்டியும் திரும்பிப் பார்க்கவில்லை. பொன்னேரியில் இறங்கியதும், "வர்ட்டா" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

என் மனைவி போய் ஆறு ஆண்டுகள். மகன் ஒசூரில் இருக்கிறான். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்குக் கிரேன்காரர் வருவார், டீக்கடைக்குப் போவோம், அரசியல்வாதிகளைத் திட்டுவோம், ஏழு மணிக்குத் திரும்புவோம். என் நாளில் மனிதக்குரல் கேட்பது அந்த ஒன்றரை மணி நேரம்தான். திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாய் வரவில்லை. வியாழக்கிழமை நானே அவர் தெருவுக்குப் போனேன். வாசலில் செருப்பு கிடந்தது. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டக் கை போகவில்லை, திரும்பிவிட்டேன். அவரும் அப்படித்தான் நினைக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். ஜன்னலைப் பார்த்தது, கதவருகே நின்றது, ஒற்றைச் சொல்லில் பேச்சை முடித்தது, எல்லாவற்றையும் நாவலில் வரும் உளவு அதிகாரியைப்போல ஒன்றோடொன்று கோத்துப் பார்த்தேன். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின.

நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்க ஆளே தேவைப்படவில்லை என்பதுதான் உண்மை. வேலைநிறுத்தத்தின்போது, வெளியாட்கள் என்று போலீஸ் சொல்லிவிடக் கூடாது என்று சங்கத் தலைவர் எல்லோரையும் ஆலை யூனிஃபார்மில்தான் வரச் சொன்னார். ஒவ்வொரு சட்டையின் பையிலும் சிவப்பு நூலில், ஆலை ஆளுக்கொன்றாகக் கொடுத்த டோக்கன் எண் தைத்திருக்கும். பத்தொன்பது நாளும் தங்கள் எண்ணை நெஞ்சில் போட்டுக்கொண்டு கேட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மாடி ஜன்னலில் ஓர் அதிகாரி பைனாக்குலரோடு நின்று எண்களைப் படித்ததையும், டைப்பிஸ்ட் குறித்துக்கொண்டதையும் நான் என் இடத்திலிருந்தே பார்த்தேன். வேறென்னவோ வேலை என்றுதான் அப்போது நினைத்தேன். நோட்டீஸில் பெயர் இல்லாமல் வெறும் டோக்கன் எண்களாக இருந்ததைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. எல்லோருக்குமே விளங்கியிருக்கும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். கையில் ஏதாவது வேண்டும். அந்த நாட்களில் சங்கம் திருவள்ளூரிலிருந்து ஒரு போட்டோக்காரரைக் கூட்டிவந்து படம் எடுத்தது நினைவிருந்தது. பஸ் பிடித்துப் போனேன். அவர் இறந்துவிட்டார், காக்களூர் போகும் சாலையில் மகன் கடை நடத்துகிறார். பாஸ்போர்ட் போட்டோவும் ஃபிளெக்ஸும் அடிக்கும் கடை. அப்பாவின் நெகட்டிவ்களை அவர் தூக்கிப் போடவில்லை. இரண்டு மணி நேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துத் தேடினோம். கிடைத்தது. பெரிதாக்கினால் பையிலிருக்கும் எண் பளிச்சென்று தெரிந்தது. ஆளுக்கொன்று என்று ஒன்பது பிரதி போடச் சொன்னேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தனியாகத்தான் போனேன். பிஸ்கட் வாங்கிக்கொண்டேன். கிரேன்காரர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். காலில் கட்டுப் போட்டிருந்தது. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே படங்களை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

அறை கலகலப்பாகிவிட்டது. "அட, நம்ம தலைய பாரு, காடு மாதிரி கீது முடி!" என்றார் எளாவூர்க்காரர். "இவன் யாருய்யா, ஒல்லியா, ஓட்டடக் குச்சி?" "நான்தான்யா அது!" என்று பழவேற்காட்டுக்காரர் படத்தை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். பிறகு நான் பையிலிருந்த எண்ணைக் காட்டினேன். மாடி ஜன்னலைச் சொன்னேன். பைனாக்குலரைச் சொன்னேன். டம்ளரை யாரும் தட்டவில்லை.

ஃபர்னஸ்காரர் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"இது உனுக்கு எப்போ தெரியும்?"

"நோட்டீஸ் ஒட்டுன அன்னிக்கே."

"இன்னாத்துக்கு சொல்லல?"

"யாரும் என்னக் கேக்கல. உங்களுக்கும் தெரியும்னு இருந்தேன்."

அவர் படத்தை மடியில் கவிழ்த்து வைத்தார். "என் மச்சானதான் சந்தேகப்பட்டேன்" என்றார். "அவனும் அங்கதான ஃபிட்டர். எனுக்கு வேல போச்சி, அவனுக்கு போவல. பதினோரு வருஷம் பேசல. என் பொண்ண அவுங்க ஊட்டுப் பக்கமே அனுப்பல. செத்தப்போ கூட போவல. என் பொண்டாட்டி மட்டும் போயி, கூடப்பொறந்தவன் தலமாட்டுல ஒக்காந்துகினு இருந்தா." பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகக் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உனுக்கு தெரிஞ்சிகினே இருந்துச்சி" என்று மட்டும் சொன்னார்.

பிஸ்கட்டை யாரும் தொடவில்லை. ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். படத்தை மட்டும் யாரும் விட்டுவிட்டுப் போகவில்லை.

படிக்கட்டில் கிரேன்காரரைப் பிடித்தேன். "நீயும் என்ன சந்தேகப்பட்டியே, இப்போவாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"நானா? நான் எப்போ நைனா உன்ன சந்தேகப்பட்டேன்?"

"ரயில்ல தள்ளி நின்னியே."

"சீட்டு பூரா ஈரம். உனுக்கு ஒறைக்கல, ஒக்காந்துட்ட."

"வீட்டுக்கு வரல."

"அன்னிக்கு ஊட்டாண்ட வழுக்கி வுழுந்து கால் சுளுக்கிகிச்சி. நீ வந்து பாப்பன்னு பாத்தேன். நீ வர்ல." ஒரு படி இறங்கி நின்றார். "ஃபர்னஸ்காரன் பேசனது தப்புன்னு இன்னிக்கு என் டர்னுல சொல்லலாம்னுதான் இந்த கால வெச்சிகினு வந்தேன். எழுந்திரிக்கறதுக்குள்ள நீ படத்த குட்த்துட்ட."

அவரைத் தாங்கிப் பிடிக்கக் கை நீட்டினேன்.

"பதினாலு வருஷம் ஏ.டி.எம். வாசல்ல ஒக்காந்துகினு, எவன்டா அவன், எவன்டா அவன்னு ஒவ்வொரு மூஞ்சியா நெனச்சி பாத்துகினு இருந்தேன் நைனா. தூக்கம் வராம கெடந்தேன். அப்புறம் உன்கூட தெனம் டீ குட்ச்சேன். அப்போ கூட ஒரு வார்த்த சொல்லல நீ." கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே போனார். "நீ ஒற்றன்லாம் இல்ல. பொஸ்தகத்துல வர்றவனாவது சொன்னான்."

சைக்கிள் கடைக்காரர் அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். நான் ரயிலில் தனியாக வந்தேன். அதற்குப் பிறகு இரண்டு கூட்டம் நடந்ததாகக் கேள்வி. எனக்குத் தகவல் வரவில்லை. ஐந்தரை மணிக்கு வாசற்கதவைத் திறந்து வைக்கிறேன். ஏழு மணிக்குச் சாத்துகிறேன்.

நாவல் நானூற்றைம்பது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கும் ரயில் டிக்கெட் இருபது. திருவள்ளூர் போய்வந்த பஸ் அறுபத்தெட்டு. படம் பிரதிக்கு நூற்றுப்பத்து வீதம் ஒன்பதுக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு. பிஸ்கட் அறுபது. மொத்தம் ஆயிரத்து ஐந்நூற்று எண்பத்தெட்டு ரூபாய்.