சஞ்சியும் கஞ்சியும்

காலை ஆறரை மணிக்கு உக்கடத்தில் வேலந்தாவளம் பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய். தூரம் அதிகமில்லை, இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கலாம். வயிற்றெரிச்சலோடு போகிறவளுக்கு அதுவே நீளம்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சிறுவர் மாத இதழ் ஒன்று கைவினைச் சிறப்பிதழ் கொண்டுவருகிறது. நடுப்பக்கத்தில் ஒரே ஒரு பாட்டுக்குத்தான் இடம். ஆசிரியர் என்னையும் கேட்டிருந்தார், அமுதாவையும் கேட்டிருந்தார். அமுதா கோவைக் கல்லூரியில் என்னோடு படித்தவள். வருகைப் பதிவேட்டில் முதல் பெயர் அவளுடையது. யமுனா என்ற என் பெயர் கடைசி. அவள் 'உள்ளேன் ஐயா' சொல்லி வெகுநேரம் கழித்துத்தான் நான் ஒருத்தி இருப்பதே வாத்தியாருக்குத் தெரியவரும். இப்போதும் அவள் பாட்டு போன வாரமே போய்ச் சேர்ந்துவிட்டதாம். எனக்கு இன்று ராத்திரி கெடு, கையில் ஒரு வரி இல்லை. அவள் எப்படித்தான் எழுதுகிறாள் என்று பார்க்கவே சேலத்திலிருந்து கிளம்பினேன். அவளிடம் சொன்னது, 'சும்மா பார்க்கணும்போல இருந்துச்சு' என்று.

எட்டு மணிக்குள் வேலந்தாவளம். சந்தை நாள். மாடுகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு நடந்ததில், சாணி மிதிக்காமல் ஓர் அடி வைக்க முடியவில்லை. அமுதா வாசலுக்கே வந்துவிட்டாள்.

"வா புள்ள! தடம் கண்டுபுடிச்சுட்டயா? ஊட்டுக்குள்ள வா, டீ வெச்சுட்டன்."

கொழிஞ்சாம்பாறையில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். லீவு நாளில் வயர் கூடை பின்னுகிறாள். வீடெங்கும் கூடைகள். சிவன் கண் பின்னல் ஒன்று, நெல்லிக்காய் முடிச்சு ஒன்று. எல்லாமே கண்ணைப் பறித்தன, எனக்குப் பாராட்ட வாய் வரவில்லை.

"பாட்டு எப்படி எழுதுற?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"எழுதறதெல்லாம் இல்ல. முடிச்சு ஒண்ணு இழுக்கறப்ப ஒரு சொல்லு சொல்லோணும். அடுத்த முடிச்சுக்கு அதே சாடையில இன்னொண்ணு. சொல்லு வராம முடிச்சு போடக்கூடாது. அப்படியொரு வெளையாட்டு."

விரல் நிற்காமலே பாடிக் காட்டினாள்.

ஓடைப் பக்கம் கூடை
கூடைக்குள்ளே வாடை
கருவாடு அது, பூனைக்குக்
காட்டாதே நீ ஜாடை

கூடைக்கு இருந்த நல்ல எதுகையை எல்லாம் ஒரே பாட்டில் தின்று ஏப்பம் விட்டிருந்தாள். நானும் வயரை வாங்கி இழுத்துப் பார்த்தேன். சொல் வந்தால் முடிச்சு அவிழ்ந்தது, முடிச்சு விழுந்தால் சொல் ஓடிப்போனது. இஞ்சி தின்ற குரங்கு மாதிரி என் முகம் போனதை அவள் பார்க்கவில்லை. அல்லது பார்த்தும் காட்டிக்கொள்ளவில்லை. அது இன்னும் மோசம்.

கிளம்பும்போது பச்சையும் மஞ்சளுமாக ஒரு கூடையை என் கையில் திணித்தாள். உள்ளே இஞ்சி. "சந்தையில சல்லிசாக் கெடச்சுது, எடுத்துட்டுப் போ."

கல்பாத்தியைப் பார்த்துவிட்டுப் பாலக்காட்டில் ரயில் ஏறுவதாகத் திட்டம். மதியம் ஒரு மணிக்குப் பாலக்காட்டு பஸ்ஸில் நல்ல கூட்டம். கூடையைக் காலடியில் வைத்திருந்தேன். இடித்துக்கொண்டே வந்த கண்டக்டர் நின்று மலையாளத்தில் கேட்டார்.

"ஈ சஞ்சி ஆருடெயா?"

"கஞ்சியா? நான் கஞ்சி எதுவும் கொண்டு வரலைங்களே!"

பஸ்ஸே சிரித்தது. பக்கத்து சீட்டு அம்மாள்தான் இரக்கப்பட்டார். "கஞ்சி இல்லீங்க அம்மிணி, சஞ்சி. உங்க பையைத்தான் கேக்கறாருங்க. தடத்துல கெடக்குதுங்க."

"கஞ்சி வேண்டா. சஞ்சி மடியில் வெச்சால் மதி" என்று கண்டக்டர் நகர்ந்தார்.

கூடையை மடியில் வைத்துக்கொண்டு, மானம் போன துக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரம் போனதும் உறைத்தது. சஞ்சி. இஞ்சி. கொஞ்சி. கெஞ்சி. அவள் ஊரில் பஸ்ஸுக்கு பஸ் புழங்குகிற சொல், அவள் கண்ணில் படவே இல்லை! அப்பாடா என்றிருந்தது. சத்தியமாக அவ்வளவு சந்தோஷம்.

நாலு மணி சுமாருக்குக் கல்பாத்தி ஆற்றுப் படியில் உட்கார்ந்து எழுதினேன். தேர் ஓடும் தெருக்களை, மன்னிக்கவும், நான் சரியாகப் பார்க்கவில்லை.

சந்தைக்குப் போச்சு சஞ்சி
வாங்கி வந்தது இஞ்சி
தடத்தில் நின்ற கன்னுக்குட்டி
கேட்டது கொஞ்சிக் கெஞ்சி
கடிச்சுப் பார்த்தது இஞ்சி
காரம் போச்சு மிஞ்சி

அதோடு நின்றுவிட்டது. கடைசி இரண்டு வரி வரவில்லை. ஆறு மணியாயிற்று, வரவில்லை. ரயில் நேரம் நெருங்கியது. வேறு போக்கில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அமுதாவுக்கே போன் போட்டுப் படித்துக் காட்டினேன்.

அந்தப் பக்கம் ஒரு முடிச்சு இழுக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"ஓடிப் போயி ஊட்டுக்குள்ள, உறிஞ்சிக் குடிச்சுது கஞ்சி."

எழுதிக்கொண்டே வந்த என் பேனா 'கஞ்சி'யில் நின்றது.

"கன்னுக்குட்டி வேறென்ன புள்ள குடிக்கும்?" என்றாள். "சஞ்சி நல்ல சொல்லு. எனக்குத் தோணவே இல்ல பாரு. உன்ற பேருலயே அனுப்பு. என்னுதுதான் தனியாப் போயிருக்குதே."

பஸ்ஸில் நான் வெட்கப்பட்ட சொல் அது. அதை மட்டும் தொடவே கூடாதென்று சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன். நடந்த கதை தெரியாமலே அவள் அதை எடுத்துக் கடைசி முடிச்சாகப் போட்டுவிட்டாள். பெயரையும் விட்டுக்கொடுத்தாள். திறமையையாவது பொறுத்துக்கொள்ளலாம். இந்தப் பெரிய மனசைத்தான் தாங்க முடியவில்லை.

சேலம் ரயிலில் உட்கார்ந்து பாட்டை அனுப்பினேன். தனியாக என் பெயரைப் போட மனசு வரவில்லை. 'யமுனா, அமுதா' என்று தெளிவாக, அந்த வரிசையில் எழுதினேன். மடியில் சஞ்சி இருந்தது. பிரிக்கலாமென்று ஒரு முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை.

இதழ் வந்துவிட்டது. கூடைப் பாட்டை விட்டுவிட்டு எங்கள் பாட்டைத்தான் நடுப்பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். ஆசிரியர் நியாயமான மனிதர், பெயர்களை அகர வரிசையில் அச்சிட்டிருக்கிறார்.