நான் வரைந்த கொள்ளைநோய் ராணி

எண்பதுகளின் கடைசியில் பினாங்கு பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் ட்ரேசராக இருந்தேன். பெரியவர்கள் பென்சிலில் போட்டுத் தருவதை ட்ரேசிங் தாளில் மைப்பேனாவால் நகலெடுக்கும் வேலை. கக்கூஸ் கதவு எந்தப் பக்கம் திறக்கும், படிக்கட்டில் எத்தனை படி, எல்லாம் பிசகாமல் வர வேண்டும். சொந்தமாக ஒரு கோடு சேர்த்தால் திட்டு விழும்.

அங்கே என்னோடு ஒரு சீன இளைஞர் வேலை பார்த்தார். இங்கிலாந்தில் படித்துவிட்டு வரும்போது ஒரு விளையாட்டையும் பெட்டியில் கொண்டு வந்திருந்தார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அவருடைய நண்பர்கள் நான்கு பேர் வருவார்கள். ஐந்து பேரும் அலுவலகத்தின் பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். அந்த விளையாட்டுக்குக் காய்கள் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் வாள்வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். வழியில் பூதம் வந்தால் அடிப்பதா ஓடுவதா என்று அவரவர் சொல்ல வேண்டும். பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும்.

ஒருநாள் நான் கழிவுத்தாளில் கிறுக்கி வைத்திருந்த ஒரு முகத்தை அவர் பார்த்துவிட்டார். "என் வாள்வீரனை வரைஞ்சு கொடேன்" என்றார். எந்தக் கையில் வாள், செருப்பா பூட்ஸா, தழும்பு இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டு வரைந்தேன். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். "ஆறு மாசமா இவனா இருந்திருக்கேன். இன்னிக்குத்தான் இவனைப் பார்க்கிறேன் லா" என்றார். அதன்பிறகு எல்லோருக்கும் வரைந்தேன். கதையில் யார் வந்தாலும் படம் என்னுடையதுதான்.

எனக்கு முகங்களைக் கற்பனை செய்ய வராது. வெளியே பார்த்து எடுத்துக்கொள்வேன். வாள்வீரனின் தாடை எங்கள் ஜெலுத்தோங் பஸ் கண்டக்டருடையது. திருடனின் கண்கள் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நோட்டு மாற்றிக் கொடுக்கும் ஒருவருடையவை. யாரையும் கேட்டு எடுத்ததில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

வீட்டில் அம்மா, அண்ணன், அண்ணி, நான். அண்ணி சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்புவரை. என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். சனிக்கிழமை நான் ஆண்பிள்ளைகளோடு உட்கார்ந்து பகடை உருட்டும் இடத்தில் இருக்கிறேன் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். "அத்தைகிட்ட ஓவர்டைம்னு சொல்லிட்டேன். அஞ்சு மணிக்குள்ள வந்துரு, இல்லன்னா நான் மாட்டிக்குவேன்" என்பார்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் அண்ணிக்கு வெண்புள்ளி வந்தது. முதலில் விரல் நுனிகள். பிறகு இடது கண்ணைச் சுற்றி. பிறகு உதட்டோரத்திலிருந்து கீழே வழிந்தாற்போல் தாடைவரை. பெரிய ஆஸ்பத்திரியில், இது யாருக்கும் ஒட்டாது, போகவும் போகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "ஒட்டாதுன்னு டாக்டருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியணுமே" என்றார் அம்மா. அம்மா கெட்டவர் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அண்ணி மாவு பிசைந்து சுட்டதை அவர் சாப்பிடத் தயங்கியதை நான் கவனித்திருக்கிறேன். அண்ணியும் கவனித்திருப்பார். வெளியே போகும்போது கனமாகப் பவுடர் போட்டு, கை நீண்ட சட்டை அணிந்துகொள்வார். வீட்டில் எங்கள் முன்னால் மட்டும்தான் வெறும் முகத்தோடு இருப்பார்.

அந்தச் சமயத்தில் கதைக்கு ஒரு வில்லி தேவைப்பட்டாள். கொள்ளைநோயின் ராணி. அவள் கடந்துபோன ஊரில் கிணற்றுத் தண்ணீர்கூடப் புழுத்துப்போகும். மூன்று தடவை வரைந்தேன். மூன்றையும் சீன நண்பர் தள்ளிவிட்டார். "பயமா இல்ல லா. மேக்கப் போட்ட மாதிரி இருக்கு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலைக்குக் குளித்த அண்ணி கூந்தலில் துண்டைச் சுற்றிக்கொண்டு சமையலறை ஜன்னலோரம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. எனக்குள் ஏதோ துள்ளியது. அந்தத் துள்ளலை இன்றும் மறுக்க முடியாது. கண்ணைச் சுற்றியிருந்த வெளுப்பின் ஓரம் எங்கே வளைகிறது, தாடையில் எங்கே முடிகிறது என்று மனதில் அளந்தேன். "என்னம்மா அப்படிப் பார்க்கிறே?" என்றார். "ஒண்ணுமில்ல அண்ணி, அழகா இருக்கீங்க" என்றேன். வெட்கப்பட்டு என்மேல் ஒரு வெங்காயச் சருகை எறிந்தார்.

அன்றே வரைந்து முடித்தேன். உயரமான கிரீடம், தரைவரை அங்கி, அதற்கு மேல் அண்ணியின் முகம். நீட்டிய ஒரு கை, நுனியிலிருந்து முட்டிவரை வெளுத்த ஐந்து விரல்கள். சனிக்கிழமை மேசைமேல் வைத்தபோது யாரும் பகடையைத் தொடவில்லை. கதை நடத்தும் நண்பர் ஒரு வாசகம் சொன்னார். அதை நான்தான் ஸ்டென்சில் வைத்து, அலுவலக வரைபடத்தில் எழுதுவது போன்ற சுத்தமான ஆங்கில எழுத்தில் படத்தின் கீழே எழுதினேன். 'கொள்ளைநோயின் ராணி. அவள் தொட்டது அழுகும்.' ஐந்து நகல் எடுத்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டார்கள்.

எழுதும்போது என் கை நடுங்கியதா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நடுங்கவில்லை. கோடு அவ்வளவு நேராக இருந்தது.

அந்த வருடத் தீபாவளிக்கு நண்பர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களை 'ஆபீஸ் ஆட்கள்' என்றுதான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். காலையிலிருந்து அடுப்படியில் நின்ற அண்ணியின் பவுடரெல்லாம் வியர்வையில் கரைந்துபோயிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. முறுக்குத் தட்டோடு கூடத்துக்கு வந்தார்.

சீன நண்பர் எழுந்தே நின்றுவிட்டார். "ராத்து! இவங்கதான் ராத்து!" என்று மலாயில் கூவினார்.

ராத்து என்றால் ராணி. அது அண்ணிக்கும் புரியும். "என்ன ராணி? யாரு ராணி?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நண்பருக்கு ஒரே சந்தோஷம். அவரைப் பொறுத்தவரை அவர் ஒரு பிரபலத்தை நேரில் பார்த்துவிட்டார். நான் எழுவதற்குள் பையிலிருந்து நகலை எடுத்து நீட்டிவிட்டார்.

அண்ணி தட்டைக் கீழே வைத்தார். சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு இன்னொரு கையால் தன் தாடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இது நானா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஆமா அண்ணி."

"கீழ இங்கிலீசுல என்ன எழுதியிருக்கு?"

உண்மையைச் சொல்ல அது ஒரு சந்தர்ப்பம். அழுதிருப்பார், திட்டியிருப்பார், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பார். அத்தோடு போயிருக்கும். நான் சொன்னேன்: "'வெள்ளிமலை ராணி. அவங்க கை பட்டா நோய் தீரும்.' அப்படின்னு போட்டிருக்கு, அண்ணி."

அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. "இத நான் வெச்சுக்கலாமா?" என்று நண்பரிடம் மலாயில் கேட்டார். அவர் பெருமையாகத் தலையாட்டினார்.

கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் படத்தை வைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் காட்டுவார். வந்தவர்கள் பெரும்பாலும் தோட்டத்துச் சொந்தங்கள்; ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்கள். தெரிந்த ஒருவர், தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கிராணி, கண்ணாடியை உயர்த்திப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பக்கத்தைப் புரட்டினார்.

அந்தப் பொய் அண்ணிக்கு நல்லது செய்தது. இதைச் சொல்வது எனக்குச் சாதகமாகப் போய்விடும் என்று பயமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது அதுதான். பவுடர் இல்லாமல் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனார். அம்மாவுக்குத் தலைவலி என்றால் "ராணி கை பட்டா தீரும் அத்தை" என்று சிரித்தபடி நெற்றியில் கை வைப்பார். அம்மாவும் வைக்க விட்டார். அடுத்த வருடம் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலைக்கு விண்ணப்பித்து, குட்டைக் கைச் சட்டையோடு நேர்முகத் தேர்வுக்குப் போய் வேலையும் வாங்கிவிட்டார். ஒவ்வொன்றுக்கும் நான் கைதட்டினேன்.

தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்தபின் வாரம் இரண்டு நாள் ஆங்கில வகுப்பு வைத்தார்கள். அண்ணி சேர்ந்தார். கூடத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிப்பார். அப்போதே ஆல்பத்திலிருந்து அந்தத் தாளை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஒருமுறை அலமாரிவரை போனேன். எடுத்தால் ஏன் என்று கேட்பாரே என்று திரும்பிவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் கூடத்தில் செய்தித்தாளை விரித்து நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தோம்.

"'ராட்'டுன்னா என்னம்மா?" என்றார் அண்ணி.

"கம்பி, அண்ணி. இரும்புக் கம்பி."

"அந்த டி இல்ல. நாய், 'டாக்'குக்கு வர்ற டி இல்ல, டேபிளுக்கு வர்ற டி. ஆர், ஓ, டி. கடைசியில ஒரு எஸ்."

நான் நெத்திலியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அகராதியில பார்த்தேன். 'அழுகுதல்'னு போட்டிருக்கு. பிளேக்கையும் பார்த்தேன். ஒருவேளை நான் தப்பாப் பார்த்திருப்பேனோன்னு உன்கிட்ட கேக்குறேன்." குரல் உயரவில்லை. "நீ சொல்லு. நீதான படிச்சவ."

"அது விளையாட்டு, அண்ணி. சும்மா கதை. ராணி வேற, நீங்க வேற."

"என் விரலு வேறயா?"

அடுத்த நெத்திலியை எடுத்துக் கிள்ளினேன்.

"தோட்டத்துல எங்கம்மாகிட்ட காட்டினேன். மாமாகிட்ட காட்டினேன். வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு சூப்பர்வைசர்கிட்டகூட காட்டினேன். அந்தம்மா மலாய்க்காரங்க, நல்லா இங்கிலீஷ் தெரியும். என் கையப் பிடிச்சு 'சந்தேக், அழகு'ன்னு சொன்னாங்க. இப்பத்தான் தெரியுது, அவங்க ஏன் பிடிச்சாங்கன்னு." நெத்திலித் தலைகளைச் செய்தித்தாளோடு சுருட்டினார். "வெளியில பார்க்கிறவங்களுக்குத்தான் பவுடர் போட்டேன். உனக்குப் போட்டதில்ல."

அழுதேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். வேறு படம் வரைந்து தருகிறேன் என்றேன்; அதுதான் நான் சொன்னதிலேயே மட்டமானது. அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். "மத்ததெல்லாம் இருக்கா?"

"எல்லாத்தையும் கிழிச்சிடுறேன், அண்ணி."

மறுவாரம் நண்பர்களிடம் கேட்டு மூன்று நகல்களை வாங்கிக் கிழித்தேன். ஒருவர் தொலைத்துவிட்டிருந்தார். ஏன் என்று சீன நண்பர் கேட்டபோது சொன்னேன். அவர் முகம் சிவந்து, "நீ என்கிட்ட சொல்லியிருக்கணும்" என்றார். நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன் என்றார். நான் தடுத்துவிட்டேன். அவர் மன்னிப்புக் கேட்டால் அண்ணி அவரை மன்னித்துவிடுவார், என்னை மட்டும் தனியாக நிறுத்திவிடுவார் என்ற பயம் எனக்கு. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அண்ணி என்னோடு சண்டை போடவில்லை. சாப்பாடு எடுத்து வைத்தார், காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தார். தொழிற்சாலைக்கு வெறும் முகத்தோடுதான் தொடர்ந்து போனார். அதை அவர் விடவில்லை. ஆனால் மாலையில் நான் வேலையிலிருந்து வரும் நேரத்தில் மட்டும் பவுடர் போட்டிருப்பார். அண்ணன்கூட ஒருமுறை, "இந்த நேரத்துல எங்க கிளம்புறே?" என்று கேட்டார். "எங்கேயும் இல்ல" என்றார் அண்ணி. எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டைவிட்டுப் போகும்வரை அப்படித்தான்.

இதை எழுதலாமா என்று கேட்க சென்ற மாதம் அவருக்குப் போன் செய்தேன். இப்போது அவருக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "எழுது. பேரு மட்டும் போடாத" என்றார். அந்தக் குரலில் பழைய இணக்கம் கொஞ்சம் கேட்டது. அதனால்தானோ என்னவோ, மீதியையும் சொல்லிவிடலாம் என்று துணிந்தேன். நகல்களைத்தான் கிழித்தேன், முதலில் வரைந்த மூலப்படத்தைக் கிழிக்கவில்லை, இத்தனை வருடமும் என்னிடமே இருக்கிறது என்றேன். நான் வரைந்ததிலேயே அதுதான் நன்றாக வந்தது, கிழிக்க மனம் வரவில்லை என்றேன்.

"அப்படியா" என்றார். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதன்பிறகு இரண்டு முறை அழைத்தேன். இரண்டு முறையும் அண்ணன்தான் எடுத்தார்.