மிளகாய்ப் பக்கம் போகமாட்டேன்

மூக்கைத் துளைத்துத் தொண்டைக்குள் இறங்கி இருமலாகத் திரும்பி வரும் வற்றல் மிளகாய் நெடிதான் எனக்குக் கொச்சியின் மட்டாஞ்சேரி. எழுபதுகளில், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அங்கே கொச்சங்காடியில் ‘பாண்டிகசாலை’ என்று சொல்லும் சரக்குக் கிட்டங்கிக்கு அம்மாவோடு வேலைக்குப் போனேன். ஒரு பக்கம் சுக்கைத் தரம் பிரிக்கும் பெண்கள், மறுபக்கம் மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் பெண்கள். மிளகாய்ப் பக்கம் கண்ணும் விரலும் எரியும். ஆனாலும் சில நாள் யாராவது ஒருத்தி தானாகவே எழுந்து, “இன்னைக்கு நான் மிளகாப் பக்கம்” என்பாள். மற்றவர்கள் ஒன்றும் கேட்காமல் நகர்ந்து இடம் விடுவார்கள். புருஷன் அடித்திருப்பான், இல்லையென்றால் ஊரிலிருந்து சாவுக் கடிதம் வந்திருக்கும். அங்கே உட்கார்ந்து அழுதால் மிளகாய் அழவைத்தது என்று போய்விடும். அழுதவளுக்கு மானம் தப்பும், பார்த்தவளுக்கும் பாரமில்லை.

என் தங்கை பாப்பாத்தி நான்கு வயதில் காய்ச்சலில் போனாள். “பிள்ளைச் சாவுக்கு மூணு நாள் அழுதாப் போதும், அதுக்கு மேல அழுதா செத்தது அந்தக் கண்ணீர்ல நனைஞ்சுக்கிட்டே நிக்கும்” என்று பெரியம்மா சொல்லிவிட்டாள். எங்களைத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்து வேலை வாங்கித் தந்தவள் அவள். அவள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நான்காம் நாளிலிருந்து பாப்பாத்தி பெயரை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அம்மா மிளகாய்ப் பக்கம் போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் ஒரு நாளில், இரண்டு நாளில் திரும்பிவிடுவார்கள். அம்மா மாதக்கணக்கில் திரும்பவில்லை. கண் இரண்டும் வீங்கி, வீட்டுக்கு வந்தால் ஒரு சொல் பேசாமல், ஆறிப்போன கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருப்பாள். தங்கை பின்னாலேயே அம்மாவும் போய்க்கொண்டிருக்கிறாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் சுக்குக் குவியலில், குழந்தையின் கை மாதிரி ஐந்து விரலோடு ஒரு துண்டு அகப்பட்டது. பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் சுக்கைப் புடைத்துக்கொண்டிருந்த பெரியம்மா கவனித்துவிட்டாள்.

“எந்திரிடீ. போ, மிளகாப் பக்கம் போ.”

நாலு பேர் முன்னால் தலை நிமிராதவள் நான். அன்றைக்கு என்ன வந்ததோ, “போகமாட்டேன்” என்றேன்.

“சுக்குக்கு எவளாவது அழுவாளாடீ? பாக்கிறவ சிரிப்பா.”

“சிரிக்கட்டும். நான் பாப்பாத்திக்கு அழறேன்.”

சொல்லிவிட்டு, கிட்டங்கி முழுக்கக் கேட்க வாய்விட்டு அழுதேன். பக்கத்திலிருந்த மலையாளத்துப் பெண்பிள்ளை, அழட்டும், குழந்தைதானே என்று, “கரையட்டே சேச்சீ, கொச்சல்லே” என்றாள். மறுபக்கத்தில் அம்மா எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, என்னருகில் சுக்குக் குவியல் மேலேயே உட்கார்ந்து, “பாப்பாத்தி” என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டாள். அப்புறம் மிளகாயின் துணையில்லாமல் அழுதாள்.

“தாயும் மகளும் ரெண்டும் கிறுக்கு” என்று பெரியம்மா முறத்தைத் தட்டினாள். கிறுக்கு என்றால் கிறுக்குதான், இருந்துவிட்டுப் போகட்டும். அன்று வீட்டில் மீனுக்கு முள் எடுத்தபடியே அம்மா, “பாப்பாத்திக்கு மத்தின்னா உசிரு” என்றாள். அவள் வாயிலிருந்து வெகுநாளைக்குப் பிறகு வந்த பேச்சு அது.

இன்று அந்தக் கிட்டங்கியில் சுவருக்கு வெள்ளையடித்து, ஊர் பார்க்க வந்தவர்களுக்குக் காப்பி விற்கிறார்கள். அங்கே வேலை பார்த்த பெண்களில் ஒருத்தியும் கண்ணில் படுவதில்லை. போன மழைக்காலத்தில் அம்மாவும் போய்விட்டாள். காக்கநாட்டில் என் மகன் வீட்டில் முப்பதாம் நாளும் நான் அழுதுகொண்டிருந்தபோது, துக்கம் கேட்க வந்த உறவுக்காரி ஒருத்தி, “போதும்க்கா, பிரஷர் ஏறிடும்” என்றாள்.

“ஏறட்டும், மாத்திரை இருக்கு. நீ சாயாவைக் குடி” என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுதேன்.