மாமியார் பெயரும் மருமகள் சிறுநீரகமும்

அனார்குல்லைப் பற்றி நாரின் என்ற மலையூரில் யாரைக் கேட்டாலும், ஆஸ்பத்திரியில் அவள் போட்ட சத்தத்தைத்தான் முதலில் சொல்வார்கள்.

மாமியார் பூபுகானுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. மாற்றாவிட்டால் பிழைக்கமாட்டாள். பெற்ற பிள்ளையின் ரத்தம் சேரவில்லை, மருமகளுடையது சேர்ந்தது. வேடிக்கைதான். அடுப்படியில் ஒருநாளும் சேராத இருவர் அவர்கள்.

"உன் கிட்னி எனக்குள்ள வந்தும் வாயாடுமே," என்றாள் பூபுகான்.

"வேலையும் செய்யும்ல, அத்தை."

தலைநகர் பிஷ்கெக்கின் ஆஸ்பத்திரியில் விசாரணைக் குழு முன் அனார்குல் நின்றாள். சிறுநீரகத்தைக் காசுக்கு விற்க வருபவர்களைப் பிடிப்பது அவர்கள் வேலை.

"யாருக்குக் குடுக்குறீங்க?"

"எங்க அத்தைக்கு."

"பேரு?"

அனார்குல் தலை குனிந்தாள். புகுந்த வீட்டுப் பெரியவர் பெயரை மருமகள் சொல்வதாவது! அதே பெயருள்ள பக்கத்து வீட்டுச் சிறுமியைக்கூட அவள் "ஏ பொண்ணு" என்றுதான் கூப்பிடுவாள்.

குழுத் தலைவர் பட்டணத்திலேயே வளர்ந்தவர். பேனாவை மூடினார்.

"பேரு கூடத் தெரியாதவங்களுக்கா குடுக்க வந்தே? உன்னைக் கூட்டிட்டு வந்த தரகன் யாரும்மா? அனுமதி கிடையாது, போ."

அனார்குல் நகரவில்லை. மரியாதை போனால் போகட்டும், ஆள் போய்விடக் கூடாது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"பூபுகான். அவங்க பேரு பூபுகான். போதுமா?"

போட்ட சத்தம் கதவைத் தாண்டிவிட்டது.

"எவடி அது, என் பேரைச் சொல்றவ?" என்று நடையிலிருந்து மாமியார் அதட்டினாள்.

தலைவர் சிரித்துவிட்டார். அதற்குமேல் அத்தாட்சி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்த மருமகளைப் பூபுகான் முறைத்தாள். முறைத்த கண்ணில் நீர் நின்றது. "ஊர் கேக்க ஏலம் விட்டுட்டியே. இன்னொரு தடவை சொன்னே, நாக்கை அறுத்துருவேன்."

அனார்குல் அப்புறம் சொல்லவேயில்லை. பூபுகானும் "ஏ மருமகளே" தவிர வேறெதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அடுப்படிச் சண்டை மட்டும் நிற்கவில்லை.

மாற்றிய சிறுநீரகம் பதினைந்து வருஷம் ஓடினால் பெரிது என்று அன்றே டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். பதினைந்தாம் வருஷம் அனார்குல் பயந்து பயந்துதான் பரிசோதனைக்குக் கூட்டிப் போனாள். ஒன்றும் குறையில்லை. இருபதும் தாண்டியது.

இந்த இளவேனிலில் புதிதாக வந்திருந்த டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருபத்திரெண்டு வருஷமா? நல்லாவே வேலை செய்யுதே. இதெப்படிம்மா?"

பூபுகான் மருமகளின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"பதினைஞ்சு வருஷம்னு கெடு வச்சது நீங்க, தம்பி. என் அனார்குல் எந்தக் கெடுவும் வைக்கலியே."