எவர்சில்வரில் விழுந்த முகம்

எங்கள் வீட்டில் மாட்டியிருக்கும் அம்மாவின் படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். "என்ன சிரிப்புங்க!" வாய் நன்றாகத் திறந்திருக்கிறது, கண்கள் இடுங்கியிருக்கின்றன, ஒரு கன்னம் மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கிறது. ஒரு கை தலைக்கு மேலே வெறுமையாக நிற்கிறது. யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டே கை காட்டுவதாகத்தான் யாருக்கும் தோன்றும். நான் காப்பி போட உள்ளே போய்விடுவேன்.

அப்பா போட்டோகிராபர். ஸ்டுடியோ கிடையாது. தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு பம்ப்செட்டும் மோட்டாரும் கிரைண்டரும் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கேட்லாக்குக்கும் காலண்டருக்கும் அப்பா படம் எடுத்துக் கொடுப்பார். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போகமாட்டார். "மனுசனைப் புடிச்சா மூக்கு சரியில்லீம்பான். மோட்டாரு பேசாது கண்ணு" என்பார். துடியலூரிலிருந்து மொபெட்டில் கிளம்புவார். முன்னால் கேமராப் பெட்டி, பின்னால் அம்மா, அம்மாவின் மடியில் சுருட்டிய வெள்ளைத் துணி. இரண்டு வேட்டிகளை இணைத்து அம்மாவே தைத்தது அது. அதுதான் எங்கள் ஸ்டுடியோ.

பட்டறை வாசலில் மோட்டாரை வைத்து, அதற்குப் பின்னால் அந்தத் துணியை அம்மா தூக்கிப் பிடிக்க வேண்டும். ஸ்டாண்டு இருந்தது. ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊருக்குள் நுழைந்துவிட்டால் எந்த ஸ்டாண்டும் நிற்காது. அம்மா நிற்பாள். காற்று வருவதற்கு ஒரு நொடி முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். துணியைத் தளரவிட்டு, அது போனதும் இழுத்துப் பிடிப்பாள். "ஸ்டாண்டு சாஞ்சுபோகுங்க. என்ற ஊட்டுக்காரி சாய மாட்டா" என்று அப்பா பட்டறைக்காரர்களிடம் பெருமையடித்துக்கொள்வார். அம்மா துணிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவள் முகம் எப்படி இருந்ததென்று எங்களுக்குத் தெரியாது.

அதற்கு முன் அவள் பஞ்சாலையில் வேலை பார்த்தவள். ஆலையை மூடிவிட்டார்கள், இருமலை மட்டும் அவளோடு அனுப்பிவிட்டார்கள். பட்டறை வாசலில் பறக்கும் மணலும் இரும்புத் தூளும் அந்த இருமலை வளர்த்தன. டாக்டர் தூசியில் நிற்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் ஒரு கிரைண்டர் கம்பெனி அப்பாவைக் கூப்பிட்டது. முதல் படம் அவர்களுக்குப் பிடித்துவிட்டால் கேட்லாக் முழுவதும் அவருக்குத்தான். அது கிடைத்துவிட்டால் ஒரு ஹாலை வாடகைக்கு எடுத்து, துணியைச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடலாம். அம்மா வீட்டில் இருக்கலாம். "இதொண்ணு முடியட்டும் அம்மணி" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

எவர்சில்வரைப் படம் எடுப்பது கண்ணாடியைப் படம் எடுப்பது மாதிரி. எதிரே நிற்பதெல்லாம் அதில் விழும். அதனால் அன்று துணி கிரைண்டருக்கு முன்னால் வந்தது. நடுவில் ஒரு ஓட்டை போட்டு, அது வழியாகக் கேமரா பார்த்தது. பக்கத்தில் அம்மா துணியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, அதற்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். நான் அப்போது பிளஸ் டூ முடித்திருந்தேன். பை தூக்கப் போனவள் பட்டறைத் தூணோரம் நின்றிருந்தேன். ஆடி மாதம், வானம் மூடியே கிடந்தது. காத்துக் காத்துக் கடைசியில் மேகம் விலகி, எவர்சில்வர் பளீரென்று எழுந்தது. அப்பா பட்டனை அழுத்தினார். அந்தச் சத்தமும் அம்மாவின் இருமலும் சேர்ந்தே கேட்டன. ஒரு கையிலிருந்து துணி நழுவிவிட்டது, கை மட்டும் மேலேயே நின்றது. அதன் பிறகு வெயில் வரவில்லை. தூறல்தான் வந்தது.

மறுநாளே படம் வேண்டுமென்றிருந்தார்கள். தூறலில் எடுத்ததெல்லாம் மங்கலாக இருந்ததால் வேறு வழியில்லாமல் வெயிலில் எடுத்த அந்த ஒன்றையே அப்பா கொடுத்தார். கிரைண்டரின் வளைவில் எலுமிச்சை அளவு தெரிகிற அம்மாவின் முகத்தை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார். முதலாளி கவனித்தார். "ஏனுங்க போட்டோகாரரே, எங்க கிரைண்டரை வாங்கறவிய இந்தப் பொம்பள மூஞ்சியையும் சேத்தியா ஊட்டுக்குக் கொண்டுபோவாங்க?" என்று கேட்டாராம். அப்பா வீட்டுக்கு வந்து மொபெட்டைச் சாத்திவிட்டு அம்மாவைப் பார்த்தார். "ஒரு நொடி அடக்கிக்கக் கூடாதா?"

"அடக்கத்தானுங்க பாத்தேன்" என்றாள் அம்மா.

அதன் பிறகு அவள் முந்தானையைச் சுருட்டிப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டுதான் துணியைப் பிடித்தாள். பம்ப்செட், மோட்டார், மறுபடி பம்ப்செட். ஒரு இருமல்கூட வெளியே கேட்காது. தோள் மட்டும் குலுங்கும், துணி குலுங்காது. தை மாதம் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு என்று முந்தானையைக் கடித்தே கிடந்தாள். நர்ஸ்தான் கடைசியில் அதை வாயிலிருந்து எடுத்தார். எனக்கு அப்பாவின் மேல் வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

மாலை போடப் படம் வேண்டுமே. கல்யாணப் படத்தில் இருந்தது எங்களுக்குத் தெரியாத ஒரு சின்னப்பெண். அப்பா நெகட்டிவ்களையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். மோட்டாருக்கு மேலே அம்மாவின் விரல்கள், மோட்டாருக்குக் கீழே அம்மாவின் பாதங்கள். நடுவில் எப்போதும் துணி. முகம் இருந்தது அந்த வேண்டாமென்று திருப்பிய படத்தில் மட்டும்தான். அதையே பெரிதாக்கி மாட்டினார்.

வயதான பிறகு அப்பா அதன் கீழேயே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் வந்தவரிடம், "வெயிலு வந்துச்சுன்னு சந்தோசத்துல சிரிச்சுப்போட்டாளுங்க. அந்தச் சிரிப்புலதான் ஆர்டரே போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பொய் சொல்கிற முகமே இல்லை அது. என் பக்கம் திரும்பி, "நீயும் அங்கதான இருந்தே கண்ணு?" என்று கேட்டார்.

"ஆமாங்கப்பா. அம்மா சிரிச்சாங்க" என்றேன்.

அப்பாவும் போய்விட்டார். போன வாரம் என் மகள் அந்தப் படத்துக்கு எதிரே நின்று, வாயைத் திறந்து, கண்ணை இடுக்கி, ஒரு கையை உயரத் தூக்கிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "அம்மிச்சி மாதிரியே சிரிக்கறேனாம்மா?"

"கையை எறக்கு கண்ணு" என்றேன். "வலிக்கும்."