புஞ்சத்துக்குப் பன்னிரண்டு

இரண்டாம் உலக யுத்தத்தின் கடைசி வருஷங்களில் திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். கருவி என்று இருந்தது சிலேட்டும் ஈர்க்குச்சியும்தான். பத்துக் குச்சி ஒரு சிறுகட்டு. பத்துச் சிறுகட்டு ஒரு பெரிய கட்டு. பெரிய கட்டு எத்தனை, சிறுகட்டு எத்தனை, உதிரி எத்தனை என்று வரிசையாக எழுதினால் எண் வந்துவிடும்.

இன்ஸ்பெக்டர் வருவதற்கு ஒரு வாரம் முன்பு தலைமையாசிரியர் வகுப்புக்குள் வந்தார். பொதட்டூர்பேட்டையிலிருந்து புதிதாகக் குடிவந்த நெசவாளி ஒருவரின் மகளிடம் நூற்றிருபது குச்சியைக் கொடுத்து, கட்டி எழுதச் சொன்னார். அவள் பன்னிரண்டு சிறுகட்டையும் ஒரே பெரிய கட்டாக இறுக்கினாள். சிலேட்டில் 100 என்று எழுதினாள்.

"இத வச்சிகினு இன்ஸ்பெக்டர் முன்னாடி எப்படிம்மா நிக்கிறது? தறியில போய் உக்காரட்டும். பேரை அடிச்சிடுங்க" என்றார் என்னிடம்.

அவர் போனதும் அவளைக் கேட்டேன்.

"பெரிய கட்டுக்கு எத்தினி போட்ட?"

"பன்னெண்டு, டீச்சர்."

"பத்துன்னுதானே சொன்னேன்?"

"பத்தோட நிறுத்துனா எங்க நைனா ஒதைப்பாரு. பாவுல இழை கொறைஞ்சிபூடும்."

நெசவாளர் வீடுகளில், தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைப் புஞ்சம் புஞ்சமாக எண்ணுவார்கள். ஒரு புஞ்சத்துக்கு நூற்றிருபது இழை, அதாவது பன்னிரண்டு பத்து. பெரிய கட்டு ஒன்று, சிறுகட்டு இல்லை, உதிரி இல்லை. அவள் எழுதியது அதைத்தான். இடமதிப்பு என்னவென்று அந்த வகுப்பில் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்தி. மற்றவர்கள் என் வாயைப் பார்த்து எழுதினார்கள்.

பெயரை நான் அடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கட்டுக்குப் பத்து, வீட்டுக் கட்டுக்குப் பன்னிரண்டு என்று மட்டும் அவளுக்குச் சொன்னேன். ஆய்வு நாளில் முதல் வரிசையில் உட்காரவைத்தேன். தலைமையாசிரியர் முறைத்தார். நான் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

இருநூற்று நாற்பது குச்சி இருந்தால் எப்படி எழுதுவாய் என்று இன்ஸ்பெக்டர் அவளைக் கேட்டார்.

"எந்தக் கட்டுல சார்? உங்களுதுலயா, எங்களுதுலயா?"

பின்னால் சிரிப்பு எழுந்தது.

"ரெண்டுலயும் எழுதேன், பார்ப்போம்" என்றார் அவர் கேலியாக.

மேலே 240 எழுதினாள், கீழே 200.

"ரெண்டும் எப்படிம்மா ஒண்ணாவும்?"

"குச்சி அதேதான் சார். கட்றதுதான் வேற."

அவர் இன்னும் நாலு கணக்குக் கொடுத்தார். நாலும் சரி. அவளைத் தேர்ச்சி என்று குறித்துக்கொண்டார். பாடத்தில் இல்லாததைப் புகுத்தி ஆசிரியை பிள்ளைகளைக் குழப்புவதாகவும் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போனார்.

அன்று மாலை தலைமையாசிரியர் ஒரு தாளை நீட்டினார். "இனிமே இப்பிடி நடக்காதுன்னு ரெண்டு வரி எழுதிடுங்கம்மா. தொல்லை தீர்ந்துடும்."

இரண்டு வரி எழுதினேன். "இந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்கு மட்டும் இரண்டு விதமாக எண்ணத் தெரிகிறது. மற்ற முப்பத்தொன்பது பேருக்கும் திங்கட்கிழமை முதல் அதைக் கற்றுத்தருவேன்."

கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்தேன்.