செவ்வாய்க்கிழமை பாஸ்பேட்

புதன்கிழமை விடிந்தாலே ஹிஸ்ஸா முதலில் மீன்தொட்டிப் பக்கம்தான் போவாள். குவைத்தில் பெண்கள் பள்ளி ஒன்றின் வேதியியல் ஆய்வுக்கூடத்தை இருபத்தேழு வருஷம் கட்டி ஆண்டவள், ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி முன்னால் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி நிற்பாள். உப்புத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கொஞ்சம் மொண்டு, பொடியைக் கொட்டிக் குலுக்கி, மூன்று நிமிஷம் பொறுத்துக் கருவியில் வைத்தால் பாஸ்பேட் எவ்வளவு என்று எண் வரும். 0.05 பக்கம் இருந்தால் நிம்மதி. அன்றைக்கு வந்தது 0.41.

ஓய்வு பெற்ற வருஷம் விரல் நீளத் துண்டாக வாங்கிய மான்கொம்புப் பவளம், ஆறு வருஷத்தில் இரண்டு கை அகலம் வளர்ந்திருந்தது. தான் இன்னும் ஒன்றுக்கும் உதவாதவளாகிவிடவில்லை என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான். இப்போது அதன் ஊதா நிறம் போய்த் தேயிலைக் கறை ஏறியிருந்தது. பாறையெல்லாம் பச்சைப் பாசி. பாஸ்பேட் இப்படியே ஏறினால் பவளம் மிஞ்சாது.

தொட்டி திவானியாவில் இருந்ததுதான் வம்பு. செவ்வாய் மாலைகளில் கணவர் மிஷாரியின் கூட்டாளிகள் கூடிப் பேசும் அறை அது. ஆண்கள் இருக்கும்போது ஹிஸ்ஸா அங்கே தலைகாட்ட மாட்டாள். மறுநாள் காலை எண்தான் அவளிடம் கோள் சொல்லும்.

"யாரோ தீனி போடுறாங்க, அபூ பதர்." மூத்த மகன் பதரின் வாப்பா என்றுதான் கணவரைக் கூப்பிடுவாள்; பதரின் உம்மா, 'உம் பதர்', என்று அவர் அவளைக் கூப்பிடுவார். "தின்னது, கழிஞ்சது, அழுகினது எல்லாம் பாஸ்பேட்டாத்தான் வந்து நிக்குது."

"வீடு தேடி வந்தவன் கையைப் புடிச்சு, போடாதேன்னு சொல்லவா? மிஷாரி வீட்டுல மீனுக்குக்கூடப் பட்டினின்னு ஊரே சிரிக்கும்."

"யாருன்னாவது சொல்லுங்க."

"விருந்தாளியைக் காட்டிக் கொடுக்கச் சொல்றியா, உம் பதர்? நான் வாயே திறக்க மாட்டேன்."

"எந்தக் கை போடுதோ, அந்தக் கை விளங்காமப் போக!"

மிஷாரியின் முகம் சுருங்கியது. பாவமன்னிப்பு வாசகத்தை முணுமுணுத்தபடி எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்கத் தண்ணீர் மாற்றி மாற்றி, எண்ணை 0.16க்கு இறக்கினாள். ஆனால் மறுபடி செவ்வாய் வருமே! வெள்ளம் வருமுன் அணை போடுவோம் என்று பழைய ஆய்வுக்கூடக்காரிக்கு வீம்பு வந்துவிட்டது. பாஸ்பேட்டைப் பிடித்து இழுக்கும் சொட்டு மருந்து ஒன்று உண்டு. இருக்கிறதற்கும், சாயங்காலம் விருந்தாளி கொட்டப்போகிறதற்கும் சேர்த்தே கணக்குப் போட்டு, செவ்வாய் மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் அதை ஊற்றினாள். கணக்கில் பிசகே இல்லை. விருந்தாளி வரவேண்டும், அவ்வளவுதான்.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு போன் வந்தது. மிஷாரியோடு ஒரே பெஞ்சில் படித்த அபூ ஜாசிம், மதியத் தூக்கத்திலேயே போய்விட்டார். திவானியாவை மூன்று நாள் பூட்டினார்கள். மிஷாரி ஆண்கள் பக்கத் துக்கத்துக்கும், ஹிஸ்ஸா பெண்கள் பக்கத்துக்கும் போனார்கள். காலையில் போனால் இருட்டித்தான் வீடு. வழக்கமாக அவள் மீன்களுக்குப் போடும் ஒரு சிட்டிகைகூட அந்த நாட்களில் விழவில்லை.

மூன்றாம் நாள், இறந்தவரின் மகள் அஃப்ராஹ் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமி, வாப்பாவுக்கு எப்பப் பாத்தாலும் உங்க வீட்டு மீன் பேச்சுதான். உம்மா போனப்புறம் அவர் சமையலறைப் பக்கம் போறதே செவ்வாய்க்கிழமை மட்டும்தான். தானே இறால் உரிச்சு, பொடிப்பொடியா நறுக்குவாரு. 'என்னைக் கண்டா ஓடி வருதுங்க. இப்ப என்னை எதிர்பார்த்திருக்கிறது அதுங்க மட்டும்தான்'னு சொல்லுவாரு." ஃப்ரீசரிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வந்து நீட்டினாள். "இந்தச் செவ்வாய்க்கு நறுக்கினது. தூக்கிப் போட மனசு வரல."

ஹிஸ்ஸா பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். இந்தக் கையையா சபித்தோம்? அந்தத் திகிலுக்குள்ளேயே இன்னொரு திகில் வந்தது. மருந்து! ஒருவரும் தீனி போடாத தொட்டியில், விருந்தாளியின் தீனியையும் சேர்த்துப் போட்ட கணக்கு.

பொட்டலத்தோடு வீட்டுக்கு ஓடினாள். 0.00. குப்பியைக் கழுவி மறுபடி பார்த்தாள். அதே 0.00. எந்த எண் இறங்க வேண்டும் என்று தினமும் இறைவனிடம் துஆ கேட்டாளோ, அது இறங்கித் தரையைத் தட்டியிருந்தது. பாஸ்பேட் கூடினாலும் கேடு, அடியோடு இல்லாமல் போனாலும் கேடு. பவளம் அடியிலிருந்து தோலுரிந்து, எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. மேலே இரண்டு கிளைகளில் மட்டும் உயிர் இருந்தது. அவற்றை வெட்டி வேறு பாறையில் ஒட்டினாள். பாஸ்பேட் கொஞ்சமாவது ஏற, இனித் தண்ணீருக்குள் தீனி போகவேண்டும்.

பொட்டலத்தைப் பிரித்தாள். மீன்கள் அவள் நின்ற பக்கம் வரவில்லை. எல்லாம் இடது கோடியில், சுவரோரத்து மெத்தைப் பக்கம் கூடிக் கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தன. அபூ ஜாசிம் உட்காரும் இடம் எதுவென்று அவளுக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. போய் அங்கே உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டாள்.

மிஷாரி வாசலில் வந்து நின்றார். இறாலைப் பார்த்தார்.

"யார் சொன்னது?"

"அவர் மக."

"நான் உன்கிட்டச் சொல்லியிருந்தா, நிறுத்தச் சொல்லியிருப்ப."

"ஆமா," என்றாள் ஹிஸ்ஸா. "நிறுத்தத்தான் சொல்லியிருப்பேன்."

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.